ஸ்பீடு டிராப், ஃபைன், போலீஸ் பென்ஷன்: டோங்காட் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டிலிருந்து தினமும் உம்லாங்காவுக்கு வேலைக்குப் போகும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரே மாதத்தில் மூன்று ஸ்பீடிங் டிக்கெட். இரண்டு, என்2 நெடுஞ்சாலையில் கேமரா பிடித்துத் தபாலில் வந்தவை. மூன்றாவது, எம்4 சாலையில் பாலத்தடியில் நின்ற அதிகாரி வண்டியை ஓரம் கட்டச் சொல்லிக் கையில் கொடுத்தது. "இப்படி ஒளிந்து நின்று பிடிப்பது சட்டப்படி சரியா? நண்பர்கள் கிழித்துப் போடச் சொல்கிறார்கள், போடலாமா? பக்கத்து வீட்டு அங்கிள் சாப்ஸ் (தேசியப் போலீஸ்) வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் புது பக்கி (பிக்கப் வண்டி) வாங்கிவிட்டார். அந்தப் பென்ஷன் நம்மைப் போன்றவர்கள் கட்டும் ஃபைன் காசுதானே?" என்று கேட்கிறார்.

தம்பி, நான் பல வருடங்களாக ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டிராஃபிக் ஃபைல்களைப் பார்க்கிறவள். உங்கள் கோபம் எனக்குப் புதிதில்லை. வெருலம், ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் என்று எங்கிருந்து வருகிறவர்களும் இந்த மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறார்கள். நகராட்சி ஃபைனை வருமானமாகப் பார்க்கிறது என்ற கோபம் நியாயம். பிடிக்கும் இடங்களைப் பற்றிய கோபமும் பெரும்பாலும் நியாயம். பென்ஷன் கோபம் மட்டும் தவறான வீட்டுக் கதவைத் தட்டுகிறது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் உங்கள் கையில் இருக்கும் காகிதங்களைப் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் அவற்றில் ஒன்றுக்குக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சட்டத்தில் ஒன்றல்ல. தபாலில் வந்த இரண்டும் 1977-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 341-ஆம் பிரிவின் கீழ் வந்தவையாக இருக்கும். நோட்டீஸின் மேல் பகுதியிலேயே அந்த எண் இருக்கும், பாருங்கள். அது கிடைத்த 30 நாளுக்குள் குறிப்பிட்ட தொகையைக் கட்டினால் அந்தக் குற்றத்துக்காக உங்கள் மேல் வழக்குப் போட மாட்டார்கள். கட்டாவிட்டால் உடனே ஒன்றும் நடக்காது. அதற்குப் பிறகு அவர்கள் உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டுமானால் 54-ஆம் பிரிவின்படி சம்மன் எடுத்து, கோர்ட் தேதிக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக உங்களிடம் நேரில் கொடுக்க வேண்டும். தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போனால் செல்லாது.

உங்கள் நண்பர்கள் "கிழித்துப் போடு" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். ஏராளமான கேமரா நோட்டீஸ்களுக்குச் சம்மன் வருவதே இல்லை. கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லை, முகவரி பழசு, அல்லது ஃபைல் எங்கோ நின்றுவிடுகிறது. அதைப் பார்த்துப் பழகிய ஊர் இது. ஆனால் சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால், 16 வயதுக்கு மேற்பட்டவராகத் தெரியும் யாரிடமாவது, உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ சம்மனைக் கொடுத்துவிடலாம். கொடுத்தால் உங்களிடம் கொடுத்தது போலத்தான். நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாட்டி வாங்கிச் சாமி விளக்குக்குப் பின்னால் பத்திரமாக வைத்துவிட்டு மறந்துபோவார்கள். கோர்ட் தேதி போய்விடும். அன்றே வாரண்ட் எழுதப்படும். எங்கள் அலுவலகத்துக்கு வரும் வாரண்ட் ஃபைல்களில் பாதிக்கு இதுதான் கதை: வேண்டுமென்று ஏமாற்றியவர்கள் குறைவு, வீட்டுக்குள் தாள் தொலைந்தவர்கள் அதிகம்.

மூன்றாவது டிக்கெட் வேறு வகை. அதிகாரி நேரில் எழுதிக் கையில் கொடுத்தது 56-ஆம் பிரிவு நோட்டீஸ். இதற்குச் சம்மன் தனியாக வராது. அந்தத் தாளே சம்மனுக்குச் சமம். அதில் கோர்ட் பெயர், தேதி, அதற்கு முன் எந்த நாளுக்குள் பணம் கட்டினால் ஆஜராக வேண்டாம் என்ற கடைசி நாள், மூன்றும் எழுதியிருக்கும். பணமும் கட்டவில்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை என்றால் மாஜிஸ்ட்ரேட் வாரண்ட் போடலாம். இதைக் கிழித்துப் போடுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. ரோடு பிளாக்கில் நம்பர் பிளேட்டை ஸ்கேன் செய்யும்போது வாரண்ட் இருந்தால் அங்கேயே கைது செய்யலாம். அது வெள்ளிக்கிழமை மாலையாக அமைந்தால் திங்கள் காலை வரை செல்லில் இருக்க நேரலாம். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போன ஓர் அம்மாவுக்கு அப்படி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஃபைன் 500 ராண்ட் கூட இல்லை.

அதே சமயம், வாரண்ட் இல்லாமல் வெறும் பழைய ஃபைன் பாக்கிக்காக ரோடு பிளாக்கில் உங்களைக் கைது செய்யவோ, "இப்போதே கட்டு, இல்லாவிட்டால் வண்டியை விடமாட்டேன்" என்று சொல்லவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அப்படி யாராவது சொன்னால் அமைதியாக வாரண்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சத்தம் போட வேண்டாம். பெயரையும் பேட்ஜ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. 341 நோட்டீஸைக் கட்டினால் வழக்கே இல்லை என்று முடிகிறது. 56 நோட்டீஸில் ஒப்புதல் ஃபைன் கட்டினால், நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. சாதாரண ஸ்பீடிங்குக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் வண்டி ஓட்டுவதே பிழைப்பாக இருப்பவர்கள் கட்டுவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். அப்புறம், ரோட்டில் அதிகாரி கையெழுத்துக் கேட்டால் போட்டுவிடுங்கள். தாளை வாங்கிக்கொண்டதற்குத்தான் அது, குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு அல்ல.

ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் அங்கே கேட்ட யோசனையை இங்கே பயன்படுத்திக் குழம்புகிறார்கள். அங்கே 2008-லிருந்து ஆர்டோ என்ற தனி ஃபைன் முறை. 1998-ஆம் ஆண்டின் 46-ஆம் எண் சட்டம் அது. அதில் 32 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை தள்ளுபடி. கட்டாமலும் பதில் எழுதாமலும் விட்டால் முதலில் நினைவூட்டுக் கடிதம், பிறகு அமலாக்க உத்தரவு. அந்த உத்தரவு வந்த பின் வண்டிக்கு வருடா வருடம் வாங்கும் லைசென்ஸ் டிஸ்க்கைப் புதுப்பிக்க முடியாது. நாடு முழுக்க இதைக் கொண்டுவந்து, டிரைவிங் லைசென்ஸுக்குக் குறைப்புப் புள்ளி போடுவதுதான் அரசின் நெடுநாள் திட்டம். 2022 ஜனவரியில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் இது அரசியலமைப்புக்கு முரண் என்று தள்ளியது. 2023 ஜூலை 12 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, சட்டம் செல்லும் என்றது. அதற்குப் பிறகும் தொடக்க நாள் தள்ளித் தள்ளிப் போடப்பட்டது. உங்கள் மூன்று தாள்களிலும் 341, 56 என்று இருக்கும்வரை உங்களுக்கு இந்தப் பாதித் தள்ளுபடியும் இல்லை, அந்த டிஸ்க் தடையும் இல்லை. நோட்டீஸில் ஆர்டோ என்று அச்சிட்டிருந்தால் மட்டும் அந்த வழி.

சரி, எதிர்த்து எழுத முடியுமா? முடியும். பணம் கட்டும் முன்னால் எழுத வேண்டும், கட்டிய பிறகு எழுதிப் பயனில்லை. நோட்டீஸின் பின்பக்கம் பிராசிக்யூட்டர் (அரசுத் தரப்பு வழக்கறிஞர்) அலுவலகத்தின் முகவரி இருக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. ஒரு பக்கக் கடிதம் போதும்: நோட்டீஸ் எண், வண்டி எண், நாள், இடம், என்ன காரணம், என்ன கேட்கிறீர்கள். முதலில் கேமராப் படத்தைக் கேளுங்கள். நம்பர் பிளேட் உங்களுடையதா, வண்டி அதே நிறமா, பக்கத்துத் தடத்தில் இன்னொரு வண்டி படத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். நம்பர் பிளேட்டை நகல் எடுத்து ஓட்டுகிறவர்கள் இந்த மாகாணத்தில் இருக்கிறார்கள். தன் வண்டி வீட்டில் நின்ற நாளில் வேறு ஊரில் பிடிபட்டதாக நோட்டீஸ் வாங்கியவர்களின் ஃபைல்களும் எங்களிடம் வந்திருக்கின்றன.

கேமரா நோட்டீஸ் வண்டிச் சொந்தக்காரர் பெயருக்குத்தான் வரும். 1996-ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 73-ஆம் பிரிவு, வேறு சான்று இல்லாவிட்டால் சொந்தக்காரரே ஓட்டினார் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அன்று தம்பியோ மைத்துனரோ ஓட்டியிருந்தால், அவர் பெயர், முகவரி, அடையாள எண்ணோடு ஒரு சத்தியப்பிரமாணம் எழுதிப் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். பொய்யாக யார் பெயரையும் போடாதீர்கள். அது ஸ்பீடிங்கைவிடப் பல மடங்கு பெரிய குற்றம்.

கருவியைப் பற்றியும் கேட்கலாம். வேகம் அளக்கும் கருவிகளுக்கு இந்த நாட்டில் சான்ஸ் 1795 என்ற தரநிலை உண்டு. அதன்படி சரிபார்த்த சான்றிதழ் நடப்பில் இருக்க வேண்டும். இயக்கிய அதிகாரி அந்தக் கருவிக்குப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். வழக்கு விசாரணைக்கு வந்தால் இவற்றை நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. "சான்றிதழ் நகல் தேவை" என்று கடிதத்தில் ஒரு வரி சேர்ப்பதில் தவறே இல்லை. கருவி ஒழுங்காக இருந்தால் அவர்களுக்கும் அதைக் காட்டுவதில் கஷ்டம் இருக்காது.

வேக அளவைப் பொறுத்தவரை: ஊருக்குள் 60, ஊருக்கு வெளியே 100, ஃப்ரீவேயில் 120. அந்த இடத்தில் வேறு பலகை இருந்தால் பலகைதான் கணக்கு. வழக்கமாக 10 கிலோமீட்டர் வரை கூடினால் வழக்குப் போடுவதில்லை. ஊருக்குள் 30-க்கு மேலும், வெளியிலும் ஃப்ரீவேயிலும் 40-க்கு மேலும் தாண்டினால் கதை வேறு. கோர்ட்டில் குற்றம் நிரூபணமானால் லைசென்ஸையே நிறுத்திவைக்கும் பிரிவு இருக்கிறது. முதல் முறைக்கே குறைந்தது ஆறு மாதம். உங்கள் மூன்றிலும் அந்த அளவு இல்லை என்று நீங்கள் எழுதிய எண்களிலிருந்து தெரிகிறது. 60 இடத்தில் 78 போனது சின்ன விஷயமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் பள்ளிப் பிள்ளைகள் சாலை கடக்கும் இடமாக இருந்தால் அந்த 18 கிலோமீட்டர்தான் பிள்ளை பிழைப்பதையும் பிழைக்காததையும் முடிவு செய்யும்.

இனி ஒளிந்து நிற்பது. மரத்தடியிலும் பாலத்தூணுக்குப் பின்னாலும் நின்று அளந்ததாலேயே வழக்கு விழுந்துவிடாது. வேகம் சரியாக அளக்கப்பட்டதா என்பதைத்தான் கோர்ட் பார்க்கும். ஆனால் எந்த இடத்தில் அளக்க வேண்டும் என்பதற்கு வழிகாட்டுதல்கள் இருக்கின்றன, அவற்றின் அடிப்படை விபத்து. எங்கே மோதல் நடக்கிறதோ, எங்கே பாதசாரிகள் அடிபடுகிறார்களோ, அங்கே நிற்க வேண்டும். இதில்தான் எனக்கு உங்கள் கோபத்தோடு முழு உடன்பாடு. இறக்கம் முடியும் இடத்தில், 80 பலகை 60-ஆக மாறிய கொஞ்ச தூரத்தில், நடைபாதையோ வீடோ இல்லாத நேர்ரோட்டில் கேமரா வைத்தால் அது யாரைக் காப்பாற்றுகிறது? இரவு ஆர்102 சாலையோரம் விளக்கில்லாமல் நடந்து போகிறவர்களுக்குப் பக்கத்தில் ஏன் ஒரு அதிகாரியும் இல்லை?

இந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 12,000 பேர் சாலையில் சாகிறார்கள். அதில் பெரும் பங்கு நடந்து போகிறவர்கள். 2013 செப்டம்பரில் பைன்டவுனில் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி நான்கு மினிபஸ் டாக்ஸிகள் மேல் ஏறியதில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை டர்பனில் யாரும் மறக்க முடியாது. அதற்குப் பிறகுதான் அந்த இறக்கத்தில் பெரிய லாரிகளுக்குத் தடை வந்தது. அங்கே நடந்தது வண்டியின் தகுதி பார்க்காததால், ஓட்டுநரின் தகுதி பார்க்காததால் வந்த சாவு. கேமரா பிரேக்கைப் பார்க்காது, லைசென்ஸ் போலியா என்று பார்க்காது, குடித்திருக்கிறாரா என்று பார்க்காது. அதற்கு வண்டியை நிறுத்திப் பார்க்கும் மனிதர் வேண்டும். கேமராவைத் தூக்கி எறியச் சொல்லும் ஆள் நானில்லை. கேமராவால் வருமானம் வருகிறது என்பதற்காக மனிதரால் செய்ய வேண்டிய வேலையை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

வருமானம் என்று சும்மா சொல்லவில்லை. எந்த நகராட்சியின் பட்ஜெட்டையும் எடுத்துப் பாருங்கள், "ஃபைன்கள், அபராதங்கள், பறிமுதல்கள்" என்று ஒரு வரி இருக்கும். வரும் ஆண்டில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே அதில் எழுதுகிறார்கள். மக்கள் எல்லோரும் நிதானமாக ஓட்டினால் அந்த வரியில் பள்ளம் விழும். இதற்கு மேல், ஐகிராப் 1 என்று ஒரு கணக்கு விதி இருக்கிறது. அதன்படி ஃபைன் எழுதப்பட்டபோதே முழுத் தொகையையும் வருமானமாகக் காட்ட வேண்டும். வசூலாகாது என்று தெரிந்த பகுதியைத் தனியாகப் பிறகு கழிக்க வேண்டும். அதனால் கணக்குப் புத்தகத்தில் பெரிய வருமானமும், அதற்குப் பக்கத்திலேயே பெரிய வாராக்கடனும் நிற்கின்றன. பல நகராட்சிகள் கேமரா வேலையைத் தனியார் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் விட்டு, வசூலாகும் ஃபைனிலிருந்து ஒரு பங்கு கொடுக்கின்றன. வசூலில் பங்கு உள்ளவர் கேமராவை விபத்து நடக்கும் இடத்தில் வைப்பாரா, அதிகம் மாட்டும் இடத்தில் வைப்பாரா? இந்தப் பங்கு முறை நிறுத்தப்பட வேண்டும், கம்பெனிக்கு மாதக் கட்டணம் மட்டும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"டாக்ஸிக்காரர்களை விட்டுவிட்டு நம்மைப் பிடிக்கிறார்கள்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நோட்டீஸ் யாருக்குப் போய்ச் சேரும்? வண்டியைத் தன் பெயரில் பதிந்து, சரியான முகவரி கொடுத்து, வருடா வருடம் டிஸ்க் புதுப்பிக்கிறவருக்கு. பதிவே சரியில்லாத வண்டிக்குக் கேமரா ஆயிரம் படம் எடுத்தாலும் நோட்டீஸ் போகாது. ஆக, கேமராவை மட்டும் நம்பும் முறையில் ஒழுங்காக இருப்பவர்தான் மாட்டுவார். போதாததற்குத் தபால் துறை 2023-இல் நிதி மீட்பு நடவடிக்கைக்குள் போனது. நோட்டீஸ் கெடு முடிந்த பிறகு வருவதும், வராமலே போவதும் சகஜமாகிவிட்டது. உறையின் மேல் உள்ள தபால் முத்திரைத் தேதியை வெட்டி எறியாதீர்கள். நோட்டீஸ் எப்போது கிடைத்தது என்பதற்கு அது உங்கள் கையில் உள்ள ஆதாரம்.

பென்ஷனுக்கு வருகிறேன். முதலில், ரோட்டில் நீங்கள் பார்க்கும் சீருடைகள் மூன்று. டர்பன் மெட்ரோ போலீஸ் மாநகராட்சி ஊழியர்கள். என்2, என்3 சாலைகளில் நிற்கும் போக்குவரத்து ஆய்வாளர்கள் மாகாண அரசு ஊழியர்கள். சாப்ஸ் தேசியப் போலீஸ். உங்கள் பக்கத்து வீட்டு அங்கிள் சாப்ஸ். திருட்டு, கொலை, வீட்டு வன்முறை என்று ஸ்டேஷன் வேலை பார்த்தவர். ஸ்பீடு டிராப் வைத்து வேகம் அளப்பது வழக்கமாக அவர்கள் வேலை இல்லை.

அவருடைய பென்ஷன் ஜிஇபிஎஃப் என்ற அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியிலிருந்து வருகிறது. 1996-இல் பழைய தனித்தனி நிதிகளை ஒன்றாக்கி அமைத்தது. ஆப்பிரிக்காவிலேயே மிகப் பெரிய ஓய்வூதிய நிதி. ஊழியர் தன் சம்பளத்தில் 7.5 சதவீதம் கட்டுகிறார். அரசு பொதுவான ஊழியருக்கு 13 சதவீதமும், போலீஸ், ராணுவம், சிறைத்துறை போன்றவர்களுக்கு 16 சதவீதமும் கட்டுகிறது. அந்தப் பணத்தை முதலீடு செய்து வரும் வருமானமும் சேர்ந்துதான் பென்ஷன். உங்கள் 500 ராண்ட் ஃபைன் அந்த நிதிக்குள் நுழைய வழியே இல்லை. அங்கிளுடைய பென்ஷனில் உங்கள் பங்கு ஒன்று இருக்கிறதென்றால் அது வருமான வரி வழியாகவும் வாட் வழியாகவும் போனது, டிக்கெட் வழியாக அல்ல.

எவ்வளவு பெரியது என்றும் பார்ப்போம். பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு அடிப்படைக் கணக்கு இது: கடைசிச் சம்பளத்தில் 55-இல் ஒரு பங்கை வேலை செய்த வருடங்களால் பெருக்கி, 360 ராண்ட் கூட்டினால் ஆண்டு பென்ஷன். கடைசிச் சம்பளத்தில் 6.72 சதவீதத்தை வருடங்களால் பெருக்கினால் ஒருமுறை கையில் வரும் தொகை. பென்ஷன் கணக்குக்கான சம்பளம் ஆண்டுக்கு 3,00,000 ராண்ட், 30 வருட வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு பென்ஷன் சுமார் 1,64,000 ராண்ட், அதாவது வரிக்கு முன் மாதம் 13,700 அளவில். கையில் ஒருமுறை 6,04,800 ராண்ட். புது பக்கி அதிலிருந்து வந்திருக்கும். அவர் இறந்தால் மனைவிக்கு வழக்கமாகப் பாதிப் பென்ஷன் தொடரும்.

இது நல்ல பென்ஷன். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அது ஏன் நம் கண்ணை உறுத்துகிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். டோங்காட், சாட்ஸ்வொர்த் வீடுகளில் நம் அம்மாக்களும் அத்தைகளும் துணித் தொழிற்சாலைகளில் தைத்தார்கள். 1990-களில் இறக்குமதி வரி குறைந்து மலிவுத் துணி வந்து குவிந்தபோது தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. கையில் வந்தது பிராவிடண்ட் ஃபண்ட் தொகை, ஒரே தடவையாக. வீட்டுக்கடன், பிள்ளையின் யுனிவர்சிட்டிக் கட்டணம், ஒரு கல்யாணம் என்று அது போய்விட்டது. இன்று அவர்கள் வாழ்வது அரசு முதியோர் உதவித்தொகையில். 2025 ஏப்ரலில் அது மாதம் 2,310 ராண்டாக இருந்தது. பக்கத்து வீட்டில் 13,000 வருகிறது, நம் வீட்டில் இரண்டாயிரத்துச் சொச்சம் வருகிறது. அந்த வித்தியாசம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் போலீஸ்காரரின் 13,000-த்தைக் குறைத்தால் அம்மாவின் உதவித்தொகையில் ஒரு சென்ட்டும் கூடிவிடாது. மாதாமாதம் சாகும்வரை வரும் பென்ஷனைத் தனியார் முதலாளிகள் கைவிட்டு, ரிஸ்க் முழுவதையும் தொழிலாளி தலையில் கட்டியதைப் பற்றி யாரும் கோபப்படுவதில்லை. நான் கோபப்படுகிறேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தொகை வந்து கரைந்தது.

மெட்ரோ போலீஸ் விஷயத்தில் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. அவர்கள் ஜிஇபிஎஃப்-இல் இல்லை, நகராட்சி ஊழியர்களுக்கான ஓய்வூதிய நிதிகளில் இருக்கிறார்கள். முதலாளி என்ற முறையில் அதற்கு மாநகராட்சி கட்டும் பங்கு பொதுக் கஜானாவிலிருந்து போகிறது. அந்தக் கஜானாவில் மின்சாரக் கட்டணம், ரேட்ஸ் என்ற சொத்து வரி, தண்ணீர்க் கட்டணம் எல்லாவற்றோடும் ஃபைனும் விழுகிறது. ஆனால் மின்சாரத்துக்கும் ரேட்ஸுக்கும் பக்கத்தில் ஃபைன் மிகச் சிறிய வரி. உங்கள் வீட்டு மின்சார பில் அந்த அதிகாரியின் பென்ஷனுக்குக் கொடுப்பது, உங்கள் ஸ்பீடிங் டிக்கெட் கொடுப்பதைவிட நிச்சயம் அதிகம்.

பென்ஷனைப் பிடுங்க வேண்டும் என்கிறவர்களிடம் நான் இன்னொன்றும் சொல்வேன். ரோட்டில் "கூல்ட்ரிங்க் காசு" கேட்கும் அதிகாரியைப் பற்றித் தெரியாதவர் இங்கே யாரும் இல்லை. வேலை போனால் எதிர்காலமும் போகும் என்ற நிலையில் இருப்பவர் அந்தக் காசை வாங்க யோசிப்பார். சம்பளமும் பென்ஷனும் மோசமான இடத்தில் யோசிக்க என்ன இருக்கிறது? தம்பி, அப்படி யாராவது ஜாடையாகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 2004-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவரும் குற்றவாளிதான். "டிக்கெட் எழுதுங்கள், ஆபீசர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

உங்கள் நகராட்சிக் கோபத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. நகராட்சி நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. பட்ஜெட் வரைவை அதற்கு 90 நாள் முன்னதாகவே கவுன்சிலில் வைத்துப் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் வார்டு கூட்டத்தில் அந்த ஃபைன் வரியைப் பற்றிக் கேளுங்கள். கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கூட்டத்துக்கும் வந்தால் கவுன்சிலர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பாலத்தடி இடத்தில் எத்தனை விபத்து பதிவாகியிருக்கிறது, ஏன் அந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது, கேமரா ஒப்பந்தத்தில் கம்பெனிக்கு எப்படிப் பணம் போகிறது, இந்த மூன்றையும் கேளுங்கள். நான் ஒரு மாதிரி விண்ணப்பம் தமிழிலும் ஆங்கிலத்திலும் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்புகிறேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: 56 நோட்டீஸை இன்றே எடுத்து இரண்டு தேதிகளையும் காலண்டரில் குறியுங்கள். 341 நோட்டீஸ்கள் இரண்டுக்கும் படம் கேட்டு எழுதுங்கள். படம் சரியாக இருந்தால், நீங்கள்தான் ஓட்டினீர்கள் என்றால், 30 நாளுக்குள் கட்டி ரசீதைப் படமெடுத்து வையுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் பணம் கட்டும் லிங்க் எதையும் தொடாதீர்கள், மோசடி அதிகம். நோட்டீஸில் அச்சிட்ட இடங்களில் மட்டும் கட்டுங்கள். 56 நோட்டீஸுக்குப் பிராசிக்யூட்டருக்குக் கடிதம் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரையோடு நகல் வாங்குங்கள். தொகையைக் குறைத்தாலோ வழக்கை விலக்கினாலோ அதை எழுத்தில் வாங்குங்கள். கோர்ட் நாள் வரை பதில் வராவிட்டால் அன்று காலையிலேயே போய்விடுங்கள், வேலையிடத்தில் முன்னதாகவே லீவு சொல்லி வையுங்கள். கடிதம் கொடுத்துவிட்டேன் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். உள்ளே நுழையும் முன் பிராசிக்யூட்டரின் அறையைக் கேட்டுப் போய், முத்திரையிட்ட நகலைக் காட்டிப் பேசுங்கள். பல ஃபைல்கள் கோர்ட் அறைக்குள் போகாமல் அந்த மேஜையிலேயே தீர்ந்துவிடுகின்றன.